டிமினிஷ்ட் ஸ்கேலின் பூர்வோத்தரம்

ஐரோப்பிய சங்கீதத்தில், முழு இடைவெளியும் அரை இடைவெளியும் மாறி மாறி வர, எட்டு ஸ்வரங்களால் ஒரு ஸ்தாயியை நிரப்பும் வரிசையொன்று உண்டு. ஜாஸ் வித்வான்கள் அதை டிமினிஷ்ட் ஸ்கேல் என்கிறார்கள். இதை முதலில் வரிசையாக மனனம் செய்வித்து, பின்னர் எந்தக் கார்டின்மேல், அதாவது ஒருங்கே ஒலிக்கும் எந்த ஸ்வரக் கூட்டத்தின்மேல், வாசிக்கலாம் என்று விதி வகுப்பதே இன்றைய போதனா முறை. சரித்திரக் கிரமமோ இதற்கு நேர்மாறானது. கார்டுகளே முன்னர்ப் பிறந்தன, அவற்றின் இடைவெளிகளை நிரப்பப் புகுந்தவிடத்தில் வரிசை பின்னர்த் தோன்றியது என்பதே என் துணிபு.

ஸ்தாயியின் 12 ஸ்தானங்களை நான்கு சம பங்குகளாக்கினால் கிடைப்பது டிமினிஷ்ட் ஏழாம் கார்ட். அத்தகைய இரண்டு கார்டுகளின் சேர்க்கையே நம் வரிசை. ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், சதுச்ருதி தைவதம் ஆகியவை ஒரு கூட்டம். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் ஆகியவை மற்றொன்று. ரிஷப காந்தார ஸ்தானங்களில் மூன்றை ஒருங்கே ஏற்பதால் 72 மேளங்களில் எதனுள்ளும் இது அடங்காது. மூன்று அரை இடைவெளி நகர்த்தினாலும் அதே ஸ்வரங்களே திரும்புவதால், 12 சுருதிகளுக்கும் சேர்த்து மூன்றே வரிசைகள்தாம் உள்ளன.

1867இல் ரிம்ஸ்கி கோர்ஸகோவ் இயற்றிய ‘ஸாத்கோ’ என்னும் வாத்திய காவியத்தில், நோவ்கோரோத் நகரத்துக் கலைஞன் கடலரசனின் நாட்டுக்குள் அமிழும் கட்டத்திலே, இவ்வரிசை இறங்குமுகமாகத் துலங்கக் கேட்கிறோம். அக்காவியத்தின் தொடக்கத்தில் கடலைச் சித்திரிக்கும் பகுதிக்கு, மும்மூன்று அரை இடைவெளியாகக் கார்டுகளை இறக்கிச் செல்லும் லிஸ்டின் உத்தியே அடிப்படை என்று அவரே தம் சுயசரிதத்தில் மனமுவந்து கூறியிருக்கிறார். சமதூரத்தில் நிற்கும் கார்டுகளுக்கிடையே தாழ்ந்த ஸ்தாயி ஸ்வரங்கள் படிப்படியாக இறங்கும்போது எட்டு ஸ்வர வரிசை தானே உருவாகிவிடுகிறது! கிளிங்கா 1842இல் தம் இசை நாடகத்தில் வரும் மந்திரவாதி செர்னமோருக்கு முழு இடைவெளி வரிசையைச் சூட்டியது முதல், அமானுஷ்யத்துக்கு இத்தகைய விசித்திர வரிசைகளை ஒதுக்குவது ருஷ்ய மரபாகவே நிலைத்தது. ரிம்ஸ்கியின் மாணாக்கரான ஸ்ட்ராவின்ஸ்கி, 1911இன் ‘பெத்ருஷ்கா’ பாலேயில், ஷட்ஜத்தையும் பிரதி மத்யமத்தையும் மூலமாகக் கொண்ட இரு மேஜர் கார்டுகளை ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்தார்; அவ்விரண்டும் இவ்வெட்டு ஸ்வரங்களுள்ளேயே அடங்குபவை. 1944இல் மெஸ்ஸியான் தம் நூலில் இதைத் தமது இரண்டாவது மோடாக நிறுவினார். ‘ஆக்டடானிக்’ என்னும் பெயரை ஆர்தர் பெர்கர் வழங்கியதோ 1963இல்தான்.

ஜாஸில் நேர்ந்ததும் இதுவே, ஆனால் தனி வழியில். 1940களின் பீபாப் கலைஞர்கள், குறிப்பாகச் சார்லி பார்க்கர், ஷட்ஜத்தின்மேல் டாமினன்ட் ஏழாம் கார்ட் (ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம்) ஒலிக்கையில் அந்தர காந்தாரத்திலிருந்து டிமினிஷ்ட் கார்டை ஏற்றி வாசித்தனர். அதனால் சுத்த ரிஷபம் இயல்பாகவே உள்ளே வந்தது. சதுச்ருதி தைவதமும் உடன் சேர, வரிசை ஏறத்தாழப் பூர்த்தியாயிற்று.

இவ்விரு நதிகளும் கூடிய துறை ஒன்று உண்டு. ரிம்ஸ்கியின் சீடர்களிடம் பீட்டர்ஸ்பர்க்கில் பயின்று அமெரிக்கா சேர்ந்த நிக்கொலாய் ஸ்லோனிம்ஸ்கி, ஸ்தாயியைச் சமபங்கிட்டு உண்டாகும் ஸ்வரக் கோவைகளை 1947இல் ஒரு பெருந்தொகுதியாக வெளியிட்டார். ஜான் கோல்ட்ரேன் அதைத் தம் அப்பியாச நூலாகக் கொண்டார் என்பது பிரசித்தம்.

ஆயினும் அவ்வரிசையை நான்கு நான்காக ஏற்றி இறக்கும் வெற்றுப் பயிற்சியில் எனக்கு நம்பிக்கையில்லை; எல்லாப் பக்கமும் சமமான அதற்குச் சொந்தமாக ஓர் இருப்பிடம் கிடையாது. மாறாக, ஷட்ஜ டாமினன்ட் கார்டின்மேல் தைவதம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம் ஆகிய மூன்றையும் ஒரு மேஜர் கார்டாக ஒலிக்கச் செய்து பார்க்கவேண்டும். அடுத்து சுத்த மத்யமத்தின் மேஜர் கார்ட் வருகையில், ரிஷபம் ஷட்ஜத்தில் இறங்க, காந்தாரம் மத்யமத்துக்கு ஏற, தைவதம் அசையாமல் அப்புதிய கார்டின் உறுப்பாகவே நிற்கிறது.