ஏழாண்டும் ஓரிரவும்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் படிகள் ஏறி மூச்சிரைத்து நிற்கும் இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்திருக்கும். ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். குறுக்கே ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் அது மரப்பாலம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் உச்சிக்கு வேறு வழி கிடையாது.

அங்கே நின்றபோதுதான் அந்தக் கணக்கு இடித்தது. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் வந்து முற்றுகையிட்டு, 1698இல்தான் இக்கோட்டையைப் பிடித்தார். 1750இல் பிரெஞ்சுக்காரர் ஒரே இரவில் பிடித்தார்கள். பாறை அதே பாறைதானே?

முதலில் பீரங்கிகளைச் சந்தேகித்தேன். அறுபது ஆண்டுகளில் ஆயுதம் வளர்ந்திருக்கும் அல்லவா? ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றைப் புரட்டியதும் அந்த எண்ணம் விழுந்துவிட்டது. பிரெஞ்சுப் படைக்கு முன்னே போன தளபதி புஸ்ஸியிடம் இருந்தவர்கள் 250 ஐரோப்பியர், 1,200 சிப்பாய்கள். பீரங்கிகள் நான்கே நான்கு. மலையைத் தகர்க்க அவை எம்மாத்திரம்!

அப்போதுதான் கேள்வியைத் திருப்பிப் போடத் தோன்றியது. விசித்திரம் அந்த இரவில் இல்லாமல், ஏழாண்டில் இருந்தால்?

விடை பீம்சேனிடம் இருந்தது. புந்தேலத் தலைவர் தல்பத் ராவிடம் கணக்கு எழுதியவர் அவர். முற்றுகைப் பாளையத்தை உள்ளிருந்து பார்த்தவர். பாரசீகத்தில் அவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகளைக் கொண்டு வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் முற்றுகையின் கதையை விரிவாகச் சொல்லியிருக்கிறார். முகலாயத் தளபதிகளுள் ஒருவரான தாவூத் கான் பன்னி சிறு குன்று ஒன்றை ஒரே நாளில் பிடித்துவிடுகிறார். சுல்பிகர் மனம் வைத்திருந்தால் மற்றதும் விழுந்திருக்கும். அவர் மனம் வைக்கவில்லை. முற்றுகை நீடிக்கும்வரை படையும் வருமானமும் கையில் இருக்கும். கடினமான வேறு போர்முனைக்கும் போகவேண்டாம். போதாக்குறைக்கு, அவுரங்கசீபின் மகன் காம்பக்ஷ் உள்ளேயிருந்த மராட்டிய அரசர் ராஜாராமோடு இரகசியமாகப் பேச, காம்பக்ஷையே காவலில் வைத்துவிட்டு முகலாயர் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பியும் போய்விட்டார். நாம் ஒரே மூச்சாகப் படிக்கும் ஏழாண்டுக்குள் இத்தனை இடைவெளிகள். ராஜகிரியின் வலிமைக்கு அந்த எண்ணைச் சான்றாகக் காட்ட இனி எனக்கு மனம் வராது.

இனி அந்த இரவு. செப்டம்பர் மாதம். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் தோற்ற படை கோட்டைக்குள் ஒதுங்கியிருந்தது. பிரெஞ்சுப் படை கீழ்க்கோட்டை வாயிலை வெடிவைத்துத் திறந்து ஊருக்குள் புகுந்தது. கோட்டையின் மூன்று மலைகளிலிருந்தும் குண்டுமாரி. அவர்கள் நிலா மறையும்வரை பதுங்கியிருந்து, பிறகு மூன்று மலைகளிலும் ஒரே சமயத்தில் ஏறினார்கள். விடிவதற்குள் உச்சிகள் அவர்கள் வசம். ஏறிவந்த வழியைப் பகலில் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்களே மலைத்துப்போனார்கள் என்கிறார் ஓர்ம்.

இந்தக் குறிப்புகளோடு மறுபடி ராஜகிரி ஏறினேன். ரங்கநாதர் கோயிலருகே நின்றால் எதிரே கிருஷ்ணகிரி. ஊர்க்காரர்கள் ராணிக் கோட்டை என்பார்கள். இன்னொரு பக்கம் சந்திரகிரி. இரண்டும் மறைவில்லாமல் தெரிகின்றன. நிலா மறைந்த அந்த இரவில் இங்கே காவல் நின்றவன், அந்த இரண்டு மலைகளிலும் துப்பாக்கி நெருப்பு படிப்படியாக மேலேறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பான்.