ஒரு மர்ம நாவலும் 2019 உம்



மயிலிட்டியில் நாங்கள் சிலர் சேர்ந்து வாசித்த மருத்துவ மர்ம நாவல் ஒன்று எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. ஒரு வைத்தியர் யாருக்கும் தெரியாமல் நோயாளிகளுக்குத் தீங்கு செய்கிறார். கடைசி அத்தியாயத்தில் அவரே எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறார். "சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதிமார், மயக்கமருந்து கொடுப்பவர் என்று இத்தனை பேர் நிற்க, ஒருத்தருக்குமா தெரியாமல் போகும்?" என்று கேட்டார் எங்களோடு வாசித்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர்.

இந்த வகைக் கதையைப் பிரபலமாக்கியது, வைத்தியரான ராபின் குக் 1977இல் எழுதிய 'கோமா'. உறுப்புகளை விற்பதற்காக நோயாளிகளை மூளைச்சாவுக்குள் தள்ளும் கதை. ஆனால் அதில், குற்றம் நடந்த வழியை ஒரு மருத்துவ மாணவி தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறாள். நாங்கள் வாசித்ததில் அந்தத் தேடல் இல்லை. சந்தேகமே சாட்சியாகிவிட்டது.

அதுதான் எங்களை உறுத்தியது. ஏனெனில் இதே கதையை நாங்கள் பத்திரிகையிலும் வாசித்திருக்கிறோம். உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து ஒரு மாதத்தில், 2019 மே 23 அன்று, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாக ஒரு சிங்கள நாளிதழ் முன்பக்கத்தில் எழுதியது. மறுநாள் குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி கைதானார். எங்கள் தாதி கேட்ட கேள்வியை அன்று கேட்டவர்கள் குறைவு. முஸ்லிம் வைத்தியர்கள் எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்தது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. யூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது.

2022இல் நாடு மருந்தில்லாமல் தவித்தபோது, தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை அத்தியாவசிய மருந்து வாங்க அவர் நன்கொடையாகக் கொடுத்தார். எந்த மர்ம நாவலும் இப்படி முடிந்து நாங்கள் வாசித்ததில்லை.

காசநோய் வைத்தியசாலை இருந்த ஊர் மயிலிட்டி. பயத்தோடு வந்தவர்கள் வைத்தியரை நம்பித்தான் அங்கே படுத்திருப்பார்கள். அந்த நம்பிக்கையை உடைக்க ஒரு வதந்தி போதும், திரும்பக் கட்ட வருடக்கணக்காகும். 1990இல் ஊரை இழந்து 2017 வரை காத்திருந்த உங்களுக்கும், அதே 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட எங்களுக்கும், ஒரு சமூகத்தையே சந்தேகிப்பது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதையென்றாலும் செய்தியென்றாலும், "எப்படி நடந்தது, யார் பார்த்தது?" என்று கேட்க எங்கள் பிள்ளைகளைப் பழக்குவோம். உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.