சாவிக்கொத்தும் இரண்டாம் கட்டிலும்: மனநோய்ச் செவிலியத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

கீழ்ப்பாக்கம், ஏர்வாடி, குணசீலம். வரைபடத்தில் இவை மூன்று ஊர்கள். தமிழ்ப் பேச்சில் மூன்று வசவுகள். ‘அவன் கீழ்ப்பாக்கம் கேஸுப்பா’ என்று ஒருத்தனைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும், அதுக்கப்புறம் அவன் வாயிலிருந்து வருகிற எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பசிக்குது என்றாலும் உளறல், அடிக்கிறாங்க என்றாலும் உளறல். ஒருவருடைய பேச்சைச் செல்லாக்காசாக்கும் இந்த ஏற்பாடுதான் மனநோய் மீதான இழிவின் மையம்.

நம்ம சிறுபத்திரிகை வட்டாரமும் இதில் யோக்கியம் கொண்டாட முடியாது. 1961இல் ஃபூக்கோ எழுதிய பைத்தியத்தின் வரலாறு, ரொம்பத் தாமதமாகத்தான் நம் விவாதங்களுக்குள் வந்தது. வந்ததும் விலக்கல், அடைத்துவைத்தல், பகுத்தறிவின் மற்றமை என்று சொற்களைக் கற்றுக்கொண்டோம். பைத்தியத்தைக் கலகக்காரனாக்கிக் கவிதை எழுதினோம். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வார்டில் யார் விழித்திருந்தார்கள், கையில் இருந்தது சாவியா மாத்திரையா, அவர்களுக்கு என்ன சம்பளம் என்று கேட்கவில்லை. பைத்தியத்தின் வரலாறு நம்மிடம் டாக்டர்களின் வரலாறாகவும் சட்டங்களின் வரலாறாகவும் இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

2

சென்னையில் கம்பெனி சர்ஜன் வாலண்டைன் கொனோலி புரசைவாக்கத்தில் காப்பகம் தொடங்கியது 1794இல். 1871இல் அது இன்றைய கீழ்ப்பாக்கம் வளாகத்துக்கு வந்தது. பைத்தியக்கார விடுதி என்ற பெயர் 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை என்றானது. 1978இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மென்டல் ஹெல்த். பலகை இரண்டு தடவை மாறியது. உள்ளே நடந்த வேலை அதே வேகத்தில் மாறவில்லை.

1912ஆம் ஆண்டின் சித்த சுவாதீனமற்றோர் சட்டம் யார் அடைக்கலாம், யார் உத்தரவின் பேரில் வெளியே விடலாம் என்பதற்கு விரிவாகப் பதில் சொன்னது. அடைத்ததற்கும் விட்டதற்கும் நடுவில் கிடக்கும் வருடங்களில் நோயாளியோடு யார் எப்படிப் பழகுவது என்பதற்கு அதனிடம் பெரிய அக்கறை இல்லை. காவல் பணியாளருக்கு அன்று கிடைத்த பெயரே வார்டர் என்ற சிறைச்சாலைப் பெயர். தலை எண்ணுவது, பூட்டுவது, ஓடிவிடாமல் பார்ப்பது: இதுதான் வேலை. 1946இல் வந்த போர் குழுவின் அறிக்கைப்படி, அன்றைய இந்தியா முழுமைக்கும் மனநோய்ப் படுக்கைகள் ஏறக்குறைய 10,000. அந்தக் குழுவுக்காக மருத்துவமனைகளைப் பார்வையிட்ட மூர் டெய்லர் சொன்னதும் இதைத்தான்: இவை அடைத்துவைக்கக் கட்டப்பட்டவை, குணப்படுத்த அல்ல, ஆள் பற்றாக்குறை வெட்கக்கேடான அளவில் இருக்கிறது.

இது காலனி நாட்டுக் கோளாறு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1961இல் இத்தாலியின் கொரிசியா மனநோய் விடுதிக்கு ஃபிராங்கோ பசாலியா இயக்குநராகப் போகிறார். முந்தின நாள் யார் யாரைக் கட்டிப்போட்டார்கள் என்ற பதிவேட்டைத் தலைமைச் செவிலியர் வழக்கம்போல் கொண்டுவந்து கையெழுத்துக்கு நீட்டுகிறார். பசாலியா, ‘நான் போடமாட்டேன்’ என்று மறுத்துவிடுகிறார். அங்கே தொடங்கியது, ட்ரியஸ்டேயில் விடுதிக் கதவைத் திறந்துவிட்டதில் தொடர்ந்து, 1978இல் மனநோய் விடுதிகளை மூடச்சொல்லும் 180ஆம் எண் சட்டத்தில் போய் முடிந்தது. மறுத்த டாக்டரை உலகம் கொண்டாடுகிறது, சரி. பதிவேட்டை நீட்டினவரைப் பற்றியும் யோசிக்கணுமில்லையா? நோயாளி தப்பினால் செவிலியர் மேல்தான் வழக்கு. அடைப்பவரையும் சேர்த்து அடைத்துவைத்த ஏற்பாடு அது. ட்ரியஸ்டேயில் நிஜமாக நடந்த மாற்றம் என்னவென்றால், சாவி வைத்திருந்த அதே வேலைக்காரர்கள் நகரத்துக்குள் திறக்கப்பட்ட மனநல மையங்களில் நோயாளியோடு டீ குடிக்கவும், அவருக்கு வீடு தேடவும், சண்டை தீர்க்கவும் கற்றுக்கொண்டார்கள். வேலையே வேறாகிவிட்டது.

இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் செவிலியத்துக்குள்ளிருந்தே வந்திருந்தது. அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952இல் எழுதிய நூலின் வாதம் எளிமையானது: செவிலிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சை, டாக்டர் சொன்னதைச் செய்து முடிப்பதோடு அது தீர்வதில்லை. அதே காலத்தில் குளோர்ப்ரோமசின் மருந்து வந்து, ஆட்கள் வீடு திரும்ப ஆரம்பித்தார்கள். 1954இல் இங்கிலாந்தின் குராய்டனில், வார்லிங்கம் பார்க் மருத்துவமனையிலிருந்து இரண்டு செவிலியர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்க்க அனுப்பப்பட்டார்கள். சமூக மனநலச் செவிலியம் என்று இன்று சொல்வதன் தொடக்கங்களில் ஒன்று அது.

3

நம்மிடம் இது வேறு வழியாக வந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், ராணுவத்திடம் கூடாரங்களை வாங்கி வளாகத்திலேயே அடித்து, நோயாளியின் குடும்பத்தாரைக் கூடவே தங்கவைத்தார். இடமும் ஆளும் போதாத நெருக்கடியில் பிறந்த யோசனை. கூட இருந்தவர்கள் நோய் எப்படி வருகிறது, எப்படித் தணிகிறது என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்குப் பயம் குறைந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகத் தைரியம் வந்தது. வேலூர் பாகாயத்தில் 1957இல் டாக்டர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய மனநல மையமும் சொந்தக்காரர் ஒருவர் கூடத் தங்குவதையே விதியாக வைத்தது. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டாவது கட்டில். உலக மனநல மருத்துவத்துக்கு இந்தியா கொடுத்த கொடை என்று இதை எழுதுகிறார்கள். எழுதலாம், தப்பில்லை.

ஆனால் அந்த இரண்டாவது கட்டிலில் யார் படுத்திருக்கிறார்கள்? பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் பெண்டாட்டி, அக்கா. கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர். அரசு நியமிக்காத செவிலியின் வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறவர் அவர்தான். ‘சமூக ஆதரவு’, ‘குடும்பப் பிணைப்பு’ என்று நாம் மெச்சிக்கொள்கிற சங்கதியைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் இந்தக் கூலியில்லா உழைப்பு தெரியும்.

இங்கே சாதியையும் பேசாமல் நகர முடியாது. மற்றவர் உடம்பைத் தொடுவது, மலமூத்திரம் எடுப்பது, அந்நிய ஆணைக் குளிப்பாட்டுவது எல்லாம் தீட்டு என்ற சமூகத்தில் செவிலியத் தொழிலே கீழாகப் பார்க்கப்பட்டது. நெடுங்காலம் கிறித்தவப் பெண்களும் விதவைகளுமே அதிகமாக அதற்குள் வந்தார்கள். அதிலும் மனநோய் வார்டு என்றால் இரட்டைத் தீட்டு. நோயாளியின் இழிவு, தொட்டவர் மேலும் ஒட்டிக்கொள்கிறது. ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலயா வேலை பாக்குற?’ என்ற கேள்வியில் இருப்பது இதுதான்.

செவிலி என்ற சொல்லே அகப்பாடலில் இருந்து வந்தது. தலைவி உடல் மெலிந்து பிதற்றினால் தாயும் செவிலியும் வேலனைக் கூப்பிட்டு வெறியாடச் செய்வார்கள். முருகு அணங்கியது என்பது அவன் கணிப்பு. நிஜமான காரணம் தெரிந்தவள் தோழி. ஏனென்றால் தலைவி சொன்னதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். நிபுணனை அழைக்கும் செவிலி, கேட்டு நிற்கும் தோழி: இன்றைய மனநலச் செவிலியம் இரண்டாவதை நோக்கித்தான் போயாக வேண்டும்.

4

துணைக்கு ஆள் இல்லாத குடும்பம் களைத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் ஒரு தேதி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றின் ஓலைக் கொட்டகை விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அந்த மாதிரிக் காப்பகங்களுக்கு மாதாமாதம் பணம் கட்டியது குடும்பங்கள். அவர்களை உடனே கொடூரர்கள் என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது. டாக்டர் எட்டாத தூரத்தில், வீட்டுக்கு ஒரு நர்ஸ்கூட வராத நிலையில், வருடக்கணக்காகத் தனியாகப் பார்த்துக்கொண்டவர்கள் கடைசியில் போய் நின்ற இடம் அது. பூட்டு விடுதியில் மட்டும் இல்லை, சமூகத்திடமும் இருக்கிறது. ‘விடுதியை மூடு, சமூகத்திடம் விடு’ என்று சொல்லும் முற்போக்காளர் இதைச் சந்தித்தே ஆக வேண்டும்.

வேறு வழியே முயலப்படவில்லை என்று சொல்ல முடியாது. 1961இல் கீழ்ப்பாக்கத்தின் முதல் பெண் கண்காணிப்பாளரான சாரதா மேனன், நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி, மறுவாழ்வு என்ற பேச்சை அங்கே கொண்டுவந்தார். 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1993இல் தெருவில் அலைந்த பெண்களுக்காகத் தி பேன்யன் தொடங்கியது. 1982இல் தேசிய மனநலத் திட்டம், 1980களின் பிற்பாதியில் பெல்லாரி மாவட்டச் சோதனை, 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் என்று அரசும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை இறங்கியது. ஆனாலும் 2015–16இன் தேசிய மனநலக் கணக்கெடுப்பில் சிகிச்சை எட்டாதவர்கள், நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம் வரை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. பெரிய விஷயம். அதே சட்டம் மனநலச் செவிலியர் யார் என்று வரையறுக்கும்போது, பொதுச் செவிலியப் பட்டயம் இருந்தாலே போதும் என்கிறது. ஆள் கிடைக்கவேண்டுமே என்ற நடைமுறைக் கவலை புரிகிறது. ஆனால் பக்கத்தில் இருப்பது தனியாகக் கற்க வேண்டிய வித்தையே இல்லை என்ற பழைய நினைப்பும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. சங்கிலியைக் கழற்ற ஒரு உத்தரவு போதும். கழற்றின பிறகு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருக்க ஆள் வேணும். அந்த ஆளுக்குப் பயிற்சி, சம்பளம், மரியாதை மூன்றும் வேணும்.

மருந்துக்கும் மனித உரிமைக்கும் போராடுகிறவர்கள் இந்த மூன்றையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கணும். எழுதுகிறவர்களுக்கு வேலை இன்னும் சின்னது. ‘சமூகம் பார்த்துக்கொள்ளும்’ என்று அடுத்த முறை எழுதும்போது, அந்த வாக்கியத்தில் பார்த்துக்கொள்ளப் போவது யார், அவர் எப்போது தூங்குவார் என்பதையும் சேர்த்து எழுதுவோம்.