திருவிடைமருதூர்ப் பாவை விளக்கு

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் உள்ள பித்தளை விளக்கு. இரு கையாலும் அகலை ஏந்தி நிற்கும் பெண்ணுருவம், 1853இல் நிறுவப்பட்டது. பாவை விளக்கு என்றதும் அகிலனின் நாவலையும் 1960இல் வந்த படத்தையும் நினைப்பவர்களே இன்று அதிகம். ஆனால் இந்த விளக்கு வகை மிகப் பழையது. யவனர் செய்த பாவை கையில் அகல் ஏந்தி நின்றதை நெடுநல்வாடை சொல்கிறது; வெளிநாட்டு உலோக வேலைக்கு அன்றும் இங்கே மதிப்பு இருந்திருக்கிறது.

தஞ்சை மராட்டிய அரசர் அமரசிம்மர் 1798இல் ஆங்கிலேயரால் அரசிழந்து இவ்வூரில் குடியேறினார். அக்குடும்பத்துப் பிரதாபசிம்மரை மணக்க விரும்பிய அம்மணி என்பவர், எண்ணம் நிறைவேறினால் இலட்ச தீபம் ஏற்றுவதாக நேர்ந்துகொண்டார். திருமணம் கைகூடியது. இலட்சத்தில் ஒரு விளக்காகத் தம் உருவத்தையே வார்த்து நிறுத்தினார். பாவை விளக்குகளில் பெரும்பாலானவை பெயரற்ற பெண்கள். இவருக்குப் பெயரும் ஆண்டும் காரணமும் உண்டு என்பதே இதன் தனிச்சிறப்பு.

காவிரிக்கரையில் இத்தகைய உருவ வார்ப்பு மெழுகில் தொடங்குவது. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் முதல் பூச்சு நைசான வண்டல் மண்; மூக்கின் கூர்மையும் விரலிடுக்கும் பதிவது அதில்தான். பிறகு முரட்டு மண், இரும்புக் கம்பிக் கட்டு. சூட்டில் மெழுகு உருகி வெளியேற, அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். அச்சை உடைத்த பின் அரமும் உளியும். ஓர் அச்சுக்கு ஓர் உருவம்தான். பிசகினால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த விளக்குக்கு ஒரு நூற்றாண்டு முன்னர், பதினைந்தாம் லூயி காலத்துப் பாரிசிலும் வெண்கலத்தில் உருவங்கள் வார்த்தார்கள். அங்கே உருவம் சுமந்தது விளக்கை அல்ல, கடிகாரத்தை. ரொக்கோகோ பாணியில் கொடியும் சிப்பியும் நெளிய, யானை முதுகில் கடிகாரம் வைத்துச் செய்தவர்களில் ஒருவர் சேன்-ழெர்மேன் என்ற வார்ப்பாளர். துண்டு துண்டாக வார்த்துத் திருகிப் பூட்டுவார்கள். நம் நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் பீடம், தண்டு, தட்டு, பிரபை என்று திருகி மாட்டுவதுதான். பாரிசில் பிறகு பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் பறக்கும், பொன் ஒட்டிக்கொள்ளும். ஆவியைச் சுவாசித்த முலாம் வேலைக்காரர்கள் கைகால் நடுங்கிச் செத்தார்கள். நான் பார்த்தவரை, அந்த மினுக்கலில் உளிவேலை பாதி மறைந்துதான் போகிறது.

பித்தளைக்கு அந்தச் சிக்கல் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் புளி போட்டுத் தேய்த்தால் போதும். தேய்க்கத் தேய்க்க மூக்கு மழுங்கும், அது வேறு விஷயம்.