காட்பாடிக்குப் போன இரத்தம்

1986 பிப்ரவரியில் ஓர் இரவு சென்னையிலிருந்து காட்பாடிக்குச் சென்ற ரயிலில் ஐஸ் நிரப்பிய பெட்டி ஒன்று பயணம் செய்தது. முத்தாபுதுப்பேட்டைக்காரர்களான நமக்கு நன்கு பழகிய ஆவடி மார்க்கம்தான் அது. பெட்டியைக் கொண்டுசென்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்றுகொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா. துணைக்கு அவருடைய கணவர். எய்ட்ஸ் குறித்து ஆராயும்படி அவரைத் தூண்டியவர் பேராசிரியர் சுனிதி சாலமன். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை நாடினார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பது அவ்வாறுதான் தெரியவந்தது.

அந்த ஆறும் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களுடையவை. எதற்கான சோதனை என்று அப்பெண்களிடம் சொல்லப்படவில்லை. சுனிதி சாலமனுக்கு மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ கிடைத்தது. நிர்மலாவைப் பல ஆண்டுகள் கழித்தே பத்திரிகைகள் தேடிச் சென்றன. இரத்தம் கொடுத்த பெண்களை எந்த வரலாறும் தேடவில்லை.

அதே 1986இல், அதே வேலூர் மருத்துவமனையில், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களே (ஸ்டெம் செல்) இரத்த அணுக்கள் அனைத்துக்கும் தாய். இவ்விரண்டுக்கும் தொடர்புண்டு என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

தொடர்பு பெர்லினில் வெளிப்பட்டது. திமொத்தி ரே பிரவுன் என்ற அமெரிக்கருக்கு எச்.ஐ.வி.யோடு இரத்தப் புற்றுநோயும் இருந்தது. 2007இல் மருத்துவர் கேரோ ஹுட்டர், சிசிஆர்5 மரபணு இயல்பாகவே பழுதுபட்ட ஒருவரின் குருத்தணுக்களைத் தேர்ந்து பிரவுனுக்குச் செலுத்தினார். அணுவுக்குள் நுழைய எச்.ஐ.வி. பெரும்பாலும் பயன்படுத்தும் வாசல் அந்த சிசிஆர்5. வாசல் அடைபட்டது, கிருமி மீளவில்லை. 2020இல் பிரவுன் இறந்தது புற்றுநோய் திரும்பியதால்தான்.

ஆனால் இரு பிரதியும் பழுதான அம்மரபணு வட ஐரோப்பியரிலேயே நூற்றுக்கு ஒருவரிடம்தான் உண்டு; நம்மவரிடம் மிக மிக அரிது. மாற்றுச் சிகிச்சையோ உயிருக்கே ஆபத்தானது. புற்றுநோய் இல்லாதவருக்கு எந்த மருத்துவரும் அதைப் பரிந்துரைக்கமாட்டார். ஆகவேதான் குருத்தணுக்களின் சிசிஆர்5ஐ ஆய்வகத்திலேயே வெட்டிவிடும் மரபணு சிகிச்சையில் அறிவியலாளர் நம்பிக்கை வைத்தனர். சீனாவில் அவ்வாறு திருத்திய கொடையாளர் அணுக்களைப் பெற்ற நோயாளி ஒருவரைப் பற்றி 2019இல் அறிக்கை வந்தது. அணுக்கள் தங்கின, ஆனால் திருத்தப்பட்டவை மிகச் சிலவே, கிருமியை வெல்லப் போதவில்லை.

வேலூரில் கதை வேறு திசையில் திரும்பியது. ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவரின் குருத்தணுக்களுக்குள் அவர்களிடம் குறைபட்ட மரபணுவை அங்குள்ள மருத்துவர்கள் செலுத்தினார்கள். முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை. மரபணுவைச் சுமந்து சென்ற வாகனம் எது? நோய் உண்டாக்கும் ஆற்றல் பறிக்கப்பட்ட லென்டிவைரஸ்; எச்.ஐ.வி.யிலிருந்தே உருவாக்கப்பட்டது. ஒரு காலத்தில் உலகெங்கும் ஹீமோஃபிலியா நோயாளிகள் ஆயிரக்கணக்கில் எச்.ஐ.வி.க்கு இரையானது அவர்களுக்கு ஏற்றப்பட்ட இரத்தப் பொருட்களின் வழியே என்பதையும் இங்கே நினைக்கவேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கோ, 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட எட்டு மருத்துவமனைகளில் அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய கூட்டு மாத்திரைகளே இன்றும் துணை. 1986இல் அந்த ஆறு பெண்களுக்கு அவையும் இல்லை.