மெய்ப்பிக்கும் கடமை யாருக்கு?

ஆரணியில் பட்டுத்தறி நெய்யும் பெரியவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வினா தொடுத்தார். கறுப்புச் சட்டை அணிபவர் அவர். "சாமி, கடவுள் இருக்கிறார் என்பவர் நீங்கள், சான்று காட்டவேண்டியவரும் நீங்கள்தானே?" என்றார். "இல்லை என்பதற்கு நீங்கள் சான்று காட்டுங்கள்" என்று திருப்பிவிட நா துடித்தது. ஆயினும் நம் முன்னோர் அவ்வாறு தப்பித்துக்கொள்ளவில்லை என்பது நினைவுக்கு வர, அடங்கினேன்.

புனித அக்குவினா தோமையார் 1265-இல் எழுதத் தொடங்கிய 'இறையியல் தொகுப்பு' நூலில், கடவுள் உண்டா என்ற வினாவுக்கு விடை கூறுமுன் மறுப்போரின் வாதங்கள் இரண்டை எடுத்துரைக்கிறார். உலகில் தீமை உள்ளதால் எல்லையற்ற நன்மையாகிய கடவுள் இருத்தல் இயலாது என்பது ஒன்று. உலக நிகழ்ச்சிகளை இயற்கையையும் மனித அறிவையும் கொண்டே விளக்கலாம் என்பது மற்றொன்று. இவற்றைக் கூறிய பின்னரே ஐந்து வழிகளால் இறைவன் உண்டென நிறுவுகிறார்.

அதே 13-ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றினார். அதன் பரபக்கத்தில், காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்ளும் உலகாயதரின் கொள்கையை முதற்கண் கூறி, அதன் பின்பே மறுக்கிறார். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் சுமையைத் தம் தோளில் ஏற்றனர்.

அங்ஙனமாயின் நாத்திகருக்குச் சுமையே இல்லையா? 1948 சனவரியில் பி.பி.சி. வானொலியில் இயேசு சபைக் குரு கோப்பிள்ஸ்டனும் அறிஞர் ரசலும் வாதிட்டனர். கடவுள் இல்லை என்று மெய்ப்பிக்க இயலுமா எனக் குரு தொடக்கத்திலேயே கேட்டார். அப்படித் தாம் கூறவில்லை என்றும், தம் நிலை அறியொணாமை நிலையே என்றும் ரசல் விடையளித்தார். சான்று போதவில்லை என்பவர் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பெரியார் சிலைப் பீடங்களில் உள்ளதுபோல் "கடவுள் இல்லை" என உறுதியாகக் கூறுவோர் ஒரு கூற்றை முன்வைக்கின்றனர். அதற்குரிய காரணம் கூறும் கடமை அவர்க்கும் உண்டு.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "சரி, சாமி. எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்கிறீர்கள். பிறகு சில ஊர்களில் உங்கள் கல்லறையிலும் சாதி பிரித்துப் புதைப்பது ஏன்?" என்றார்.

விசுவாசிகளின் வாழ்க்கைக் குறைகள் இறைவனின் உண்மை முகத்தை மறைக்கக்கூடும் என்றும், நாத்திகம் தோன்றுவதில் அவர்களுக்கும் பங்குண்டு என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ஏற்றுக்கொண்டது. பெரியவரின் இரண்டாம் வினாவுக்கு ஐந்து வழிகளில் விடையில்லை. அதற்குச் சான்று காட்டும் கடமை முழுவதும் நம்முடையதே.