மறந்துபோன புரதம்



பெருங்குடலிற் புற்றுநோய் கண்டு, சத்திரசிகிச்சை பெற்று வீடு திரும்புபவர் வைத்தியரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “ஐயா, இது மீண்டும் வருமா?” அக்கேள்விக்கு விடை தேடியோரின் கதையையே இன்று கூற விழைகின்றேன். மருத்துவம் எனது துறையன்று. வரலாறு கற்பித்தவன் என்ற உரிமை மட்டுமே எனக்குண்டு.

1932ஆம் ஆண்டில் இலண்டன் சென் மார்க்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த கத்பேட் டியூக்ஸ் என்பார், கட்டி குடற்சுவரை எவ்வளவு ஆழம் ஊடுருவியுள்ளது, நிணநீர்க் கணுக்களை எட்டியுள்ளதா என நோக்கி, நேர்குடற் புற்றுநோயை மூன்று படிகளாக வகுத்தார். வெட்டியெடுத்த குடலே அவருக்குச் சாட்சி. உடலினுள் எஞ்சியிருப்பது பற்றி அச்சாட்சி நேரிற் கூறவியலாது.

கனடாவின் மொன்றியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் பிறீட்மன் என்னும் இருவர் வேறு வழி சென்றனர். புற்றுக்கட்டிக்கே உரிய பொருள் ஏதும் உண்டா என்பதே அவர்தம் ஆராய்ச்சி. ஒருவர் உடல் மற்றொருவர் உடலினின்றும் வேறுபடுவதால் இவ்வகைத் தேடல் எளிதிற் குழம்பிவிடும். குடற்புற்றோ குடலின் நீளவாக்கில் வெகுதூரம் பரவுவதில்லை. ஆகவே ஒரே நோயாளியின் ஒரே குடலிலிருந்து நோயுற்ற பகுதியையும் நலமான பகுதியையும் எடுத்து ஒப்பிட்டனர். எத்துணை எளிய யுக்தி! கட்டியின் சாற்றை முயல்களுக்கு ஏற்றி, அவற்றின் குருதி நீரில் நலமான இழையத்தோடு சேர்வனவற்றை நீக்கினர். எஞ்சியது, கட்டியிலிருந்த ஒரு புரதத்தை இனங்கண்டது. கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் அதுவே காணப்பட்டது. பிறந்தபின் உடல் ஏறக்குறைய மறந்துவிடும் அப்புரதத்தைப் புற்றுநோய் மீண்டும் பெருக்குகின்றது. 1965இல் வெளியான இக்கண்டுபிடிப்பைச் சீ.ஈ.ஏ. என்பர்.

1969இல் அதனைக் குருதியிலும் அளந்தனர். குடற்புற்றுடைய 36 பேரில் 35 பேரிடம் அது தென்பட்டது. ஒரு துளி இரத்தத்தால் நோயை முன்கூட்டியே அறியலாமென நம்பிக்கை பிறந்தது. அது நிலைக்கவில்லை. புகைப்பவரிடமும் ஈரல் நோயாளரிடமும் அப்புரதம் உயர்ந்திருந்தது. தொடக்கநிலைப் புற்றுடையோர் பலரிடம் உயரவேயில்லை.

எனினும் பயன் வேறிடத்திற் கிட்டியது. சத்திரசிகிச்சைக்கு முன் அளவு மிகுந்திருந்தோர்க்கு நோய் மீளும் அபாயம் பொதுவாக அதிகம். கட்டி முற்றாக அகன்றால் சில வாரங்களில் அளவு தாழும். தாழாவிடின் ஏதோ எஞ்சியுள்ளதென ஐயுறலாம். தாழ்ந்தது மீண்டும் உயரின், நோவு தோன்றுமுன்னரே எச்சரிக்கை கிடைப்பதுண்டு. ஈரலில் மட்டும் நோய் முளைத்திருப்பின் அதனையும் சிலருக்கு வெட்டியகற்றலாம். இப்புரதம் உயராமலே நோய் மீளுவோரும் உளர்; ஆதலின் வைத்தியர் இதனை மட்டும் நம்பியிருப்பதில்லை. சத்திரசிகிச்சை பெற்றோர் முதலிரண்டு ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கொருமுறை குருதி கொடுப்பது இதன்பொருட்டே.